இதில் தேயிலை எங்கே? – உடனடித் தேநீரின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சென்ற குளிர்காலத்தில் எமது வாசிப்பு வட்டம் கூடிய ஒரு மாலையில், வீட்டுக்கார நண்பர் வழமையான தேயிலைப் பேணியை எடுக்காமல் ஒரு புதிய பெட்டியைத் திறந்தார். உள்ளே விரலளவு நீளமான சிறு பக்கற்றுகள். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்த உடனடித் தேநீர். சுடுநீர் ஊற்றிக் கலக்கினால் போதும். வடி தேவையில்லை, சீனி தேவையில்லை, சக்கையும் எஞ்சாது. "புதுசா வந்திருக்கு, குடிச்சுப் பாருங்கோ" என்றார். குடித்தோம். இனிப்பு முதலில் வந்தது, பிறகு புளிப்பு, கடைசியில் தொண்டையில் இஞ்சியின் எரிவு. மோசமில்லை என்றே பலரும் சொன்னோம்.

எங்களில் ஒருவர் தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 வன்செயலின் பின் பெற்றோருடன் கிளிநொச்சிக்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்து பல வருடங்களின் பின் ஐரோப்பாவுக்கு வந்தவர். அவர் குவளையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இதுல தேயில எங்க இருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். பின் பெட்டியைத் திருப்பி அதிலிருந்த சேர்மானப் பட்டியலை வாசித்தோம். ஐரோப்பியச் சட்டப்படி சேர்மானங்கள் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். முதலில் சீனி. அடுத்து இன்னொரு வகைச் சீனி. பிறகு சித்திரிக் அமிலம். நாலாவதாகத்தான் 'கறுப்புத் தேயிலைச் சாறு', அதுவும் மிகச் சிறிய வீதத்தில். அந்தத் தேயிலை எந்த நாட்டில் விளைந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. நண்பரின் கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்பட்டதுதான். ஆனால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயன்றால், நாம் பேசத் தயங்கும் சில விடயங்களுக்கு அது இட்டுச் செல்லும் என்று எனக்குத் தோன்றியது.

1

எனக்கு இந்தப் பானம் முற்றிலும் புதியதல்ல. 1985இல் கிழக்கு பேர்லின் ஊடாக மேற்கு பேர்லினுக்குள் வந்து, பின் மேற்கு ஜேர்மனியின் ஒரு சிறு நகரத்து அகதி விடுதிக்கு அனுப்பப்பட்ட பலரில் நானும் ஒருவன். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. உணவும் பணமாக அல்லாமல் பொதியாகவே வந்தது. அந்தப் பொதியில் ஒருநாள் மஞ்சள் குருணல் நிரம்பிய ஒரு பேணி இருந்தது. அதன்மேல் எலுமிச்சம்பழப் படம். அதில் தேநீர் என்ற சொல்லை மட்டும் எங்களால் வாசிக்க முடிந்தது. எங்கள் அறையில் மூத்தவர் ஊர் முறைப்படி பாலைக் காய்ச்சி அதில் இரண்டு கரண்டி போட்டார். பால் அப்படியே திரைந்துபோனது. புகலிடத்தில் நாங்கள் கற்ற முதலாவது இரசாயனப் பாடம் அது.

அன்று நான் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், இங்கே தேத்தண்ணி கிடைப்பதில்லை, ஒரு புளித்தண்ணியைத் தருகிறார்கள், எங்கள் நாட்டுத் தேயிலையின் அருமை இப்போதுதான் விளங்குகிறது என்று எழுதினேன். அந்த 'எங்கள்' என்ற சொல்லில் எனக்கு அப்போது எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. நான் மலைநாட்டைப் பார்த்தது பாடசாலைச் சுற்றுலாவில் ஒருமுறை, பேருந்தின் யன்னல் வழியாக மட்டுமே.

2

உடனடித் தேநீரைக் கேலி செய்யும்போது நாம் வழமையாகச் சொல்வது, அது தூய தேநீரின் சீரழிவு என்பது. இந்தத் தூய்மைவாதம் மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டில் சீனாவில் தேயிலை பற்றி முதலாவது பெருநூலை எழுதிய லூ யூ, தன் காலத்து மக்கள் தேயிலையுடன் இஞ்சி, வெங்காயம், தோடம்பழத் தோல் முதலியவற்றைப் போட்டு அவிப்பதைக் கண்டு சினந்து, அது சாக்கடை நீருக்கு ஒப்பானது என்றார். ஆக, இஞ்சித் தேநீர் நவீன சந்தையின் கண்டுபிடிப்பு அல்ல. 1,200 வருடங்களுக்கு முன்பே சாதாரண சனங்கள் அப்படித்தான் குடித்திருக்கிறார்கள். அதைக் கண்டித்தது ஓர் அறிவாளி வர்க்கத்தின் சுவை. மல்லிகை மணம் ஏற்றிய சீனத் தேயிலை, பேர்கமொற் எண்ணெய் கலந்த ஆங்கிலத் தேயிலை, இஞ்சியும் ஏலமும் இட்ட எமது தேநீர் எல்லாமே கலவைகள்தான். பாலும் சீனியும்கூடக் கலவையே. கரீபியன் தீவுகளின் அடிமை உழைப்பில் விளைந்த சீனி இல்லாமல், பிரித்தானியத் தொழிலாளி வர்க்கத்தின் பானமாகத் தேநீர் மாறியிருக்க முடியாது.

எனவே வாசனை சேர்ப்பதில் புதுமை இல்லை. இலையே இல்லாத தேநீர் என்பதுதான் புதுமை. அது எப்படி வந்தது?

சாறாக்கிய தேயிலையைப் பாலுடனும் சீனியுடனும் சேர்த்துப் பசையாக்கும் முறைக்கு 1885இலேயே பிரித்தானியாவில் காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் அது பரவலான சந்தைப் பண்டமாகவில்லை. அதற்கு இன்னொரு நெருக்கடி வேண்டியிருந்தது. 1929 பொருளாதார வீழ்ச்சியின் பின் பிரேசிலில் கோப்பி மலையாகக் குவிந்தது. அந்த உபரியை நீண்டகாலம் வைத்திருக்கக்கூடிய, நீரில் கரையும் பண்டமாக்கும் தேடலிலிருந்தே சுவிஸ் கம்பனியான நெஸ்லேயின் உடனடிக் கோப்பி 1938இல் வெளிவந்தது. தேயிலையிலும் அதே உபரி இருந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை ஒன்றைச் செய்தனர். 1935இல் புதிய சந்தைகளைத் தேடுவதற்கென ஒரு சர்வதேச சபையை அமைத்தனர். உற்பத்தியைக் குறை, குடிப்பவரைக் கூட்டு என்பதே அக்காலத்துச் சூத்திரம்.

குடிப்பவரைக் கூட்ட மிகவும் வாய்ப்பான நாடு அமெரிக்கா. அங்கே தேநீரைக் குளிரவைத்து, சீனியும் எலுமிச்சையும் இட்டுக் குடித்தார்கள். 1904இல் சென் லூயிஸ் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்காகப் பிரசாரம் செய்ய வந்த றிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவரே வெக்கை தாளாமல் பனிக்கட்டி போட்டு இதைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை உண்டு. அவர் அதைப் பிரபலப்படுத்தியிருக்கலாம். ஆனால் 1879இல் வெளியான ஒரு வேர்ஜீனியச் சமையல் நூலிலேயே அதன் செய்முறை இருக்கிறது. எப்படியாயினும், 1940களின் பிற்பகுதியில் நெஸ்லே உடனடித் தேநீரை அங்கே சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்கான வாய் தயாராகவே இருந்தது. பைத் தேயிலையை ஏற்றுக்கொண்ட பிரித்தானியர் தூள் தேநீரைப் பெரிதாக ஏற்கவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. சாயம் கடுமையான தேநீரை ஆறவிட்டால் அது கலங்கி மங்கும். இதை வீட்டில் எல்லோரும் கண்டிருப்போம். துவர்ப்பைத் தரும் பொலிபீனோல்களும் கஃபேயினும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து திரள்வதால் வருவது இது. குளிர்நீரில் கரையும் தூள் வேண்டுமானால் இந்தத் திரளை அகற்ற வேண்டும், அல்லது நொதியங்களைக் கொண்டு உடைக்க வேண்டும். பின் சாற்றைச் செறிவாக்கி, சூடான காற்றுக்குள் தெளித்துத் தூளாக்க வேண்டும். இந்த வழிநெடுக இயல்பான மணத்தின் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். போனதை ஈடுசெய்யவே எலுமிச்சையும், பீச் பழமும், இஞ்சியும் வருகின்றன. வாசனை என்பது இங்கே அலங்காரமல்ல, ஓர் இழப்பை மறைக்கும் ஏற்பாடு எனலாம்.

3

இந்தத் தூள் எங்கே செய்யப்பட்டது என்று பார்த்தால் நமக்கு நெருக்கமான ஓரிடத்துக்கு வந்து சேர்வோம். 1960களின் முற்பகுதியில் டாட்டா நிறுவனமும் பிரித்தானிய ஜேம்ஸ் பின்லே கம்பனியும் கூட்டுச் சேர்ந்தன. அதன் விளைவாக மூணாறில் ஓர் உடனடித் தேநீர்த் தொழிற்சாலை எழுந்தது. அதன் உற்பத்தி பெரும்பாலும் வெளிநாட்டுச் சந்தைக்கே போனது. மூணாறின் மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். 1956 மொழிவாரி மாநிலப் பிரிப்பில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்துடன் போனபோது, தமது மாநிலத்திலேயே மொழிச் சிறுபான்மையினர் ஆனவர்கள்.

2000இல் டாட்டா பிரித்தானியாவின் ரெற்லி நிறுவனத்தை வாங்கியது. முன்னாள் குடியேற்ற நாட்டின் முதலாளி முன்னாள் எசமானனின் தேநீர்க் குவளையை வாங்கிவிட்டார் என்று அன்று பலர் மகிழ்ந்தார்கள். 2005இல் அதே நிறுவனம் மூணாறுத் தோட்டங்களை, தொழிலாளரும் பங்குதாரராக உள்ள ஒரு புதிய கம்பனிக்குக் கைமாற்றியது. ஆனால் உடனடித் தேநீர்த் தொழிற்சாலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மண்ணையும் லயத்தையும் சம்பளப் பிரச்சினையையும் கைவிடலாம், தூளைக் கைவிடக்கூடாது. மூலதனம் எதை எங்கே வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பத்து வருடங்களின் பின், 2015 செப்டெம்பரில், போனஸ் 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாறின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தெருவை மறித்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள்.

ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ கறுப்புத் தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தத் தேயிலையில் நீரில் கரையக்கூடிய பகுதி ஏறத்தாழ மூன்றிலொன்று. எனவே ஒரு கிலோ தூய தூளுக்குப் பதின்மூன்று, பதினாலு கிலோ கொழுந்து. மலையகத்தின் பல தோட்டங்களில் ஒரு பெண் ஒரு நாளில் பறிக்கவேண்டிய அளவு 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர்தான். அதாவது ஒரு பெண்ணின் ஒரு நாள், ஒரு கிலோவுக்குச் சற்று மேலான தூளாகிறது. ஒரு குவளைக்கு அதில் ஒரு கிராம்கூடச் செல்வதில்லை. அவளது ஒரு நாள் ஆயிரத்துக்கு மேற்பட்ட குவளைகளில் கரைந்து போகிறது. இதுதான் நண்பரின் கேள்விக்கு முதலாவது பதில்.

4

இரண்டாவது பதில் நம்மைப் பற்றியது.

1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதையும், 1869இல் தோன்றிய இலைநோய் பின்வந்த ஆண்டுகளில் கோப்பியை அழித்ததையும், 1890இல் தோமஸ் லிப்ரன் வந்து தோட்டங்களை வாங்கியதையும் நாம் பாடசாலையில் படித்தோம். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியே நடந்து வந்தவர்களைப் பற்றிப் படிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கின. முதலாவது சட்டத்தின்போது எதிரணியில் இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 செப்டெம்பரில் அமைச்சரானார். இரண்டாவது சட்டம் அவரது ஆதரவுடனேயே நிறைவேறியது. இதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தார். நாம் இந்த இரண்டாவது பாதியை மட்டுமே நினைவு வைத்திருக்க விரும்புகிறோம். முதற்பாதியை ஒரு தனிமனிதரின் துரோகமாகக் கழித்துவிடுகிறோம். ஆனால் அதே காலத்திலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்தின் எத்தனையோ வீடுகளில் மலைநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனோ சிறுமியோ அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்ததை எந்தத் தலைவரின் கணக்கில் எழுதுவது?

1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 மனிதர்கள் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்க்கலாம். 1974இல் அந்த மீதியும் சரிபாதியாக்கப்பட்டது. யாரையும் கேட்கவில்லை. மூணாறில் தேயிலையைத் தூளாக்கும் ஆலை உருவான அதே தசாப்தத்தில்தான் பாக்குநீரிணையின் இருபுறமும் தேயிலைத் தொழிலாளர்கள் இப்படி நிறுக்கப்பட்டார்கள். 1968இல் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தாயகம் திரும்பியோர் எனப்பட்டவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினார்கள். தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றது. அடுத்த வருடம்தான் நான் விமானத்தில் ஏறினேன். இலங்கையில் எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 2021இல் அவர்களின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வெளியிடப்பட்டபோது, அது பல வருடப் போராட்டத்தின் பின் கிடைத்த வெற்றியாகப் பேசப்பட்டது.

நாடற்றவர் என்ற சொல்லை நாம் ஐரோப்பாவில் மிகவும் உருக்கமாகப் பயன்படுத்துகிறோம். அது எமக்கு நேர்ந்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. அது தெரியுமுன்னர், எமது அயலில் பத்து இலட்சம் பேர் அப்படி வாழ்ந்தார்கள். அவர்களின் உழைப்பை நாம் தினமும் மூன்று வேளை குடித்தோம். அகதி விடுதியில் இருந்து 'எங்கள் நாட்டுத் தேயிலை' என்று நான் எழுதிய வரியை இன்று மீள வாசிக்கும்போது, அந்த 'எங்கள்' சேர்மானப் பட்டியலில் சொல்லப்படாத நாட்டின் பெயரைவிட நேர்மையானதாக எனக்குத் தெரியவில்லை.

5

இக்கட்டுரையின் முதல் வரைவில் நான் வேறொரு முடிவுக்கு வந்திருந்தேன். இலை இருந்தவரை உழைப்பின் தடயம் இருந்தது, தூள் அதை அழித்துவிட்டது, ஆகவே இலைத் தேயிலையைக் குடிப்பது ஒருவகை நினைவுகூரல் என்று. அதைத் தலவாக்கலை நண்பரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் தந்த பதிலை அவரது அனுமதியுடன் இங்கே சுருக்கித் தருகிறேன்.

"அண்ணே, நீங்க யாழ்ப்பாணத்துல குடிச்சது நல்ல தேயில. நாங்க பறிச்சோம், ஆனா எங்களுக்குத் தோட்டத்துல குடுத்தது டஸ்ட். எங்கம்மா விடியக்கால பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன சாயத்தண்ணி ஊத்தி எங்களுக்கெல்லாம் குடுத்துட்டு, தான் நின்னுக்கிட்டே ஒரு மடக்கு குடிப்பாங்க. அவுங்களுக்கு இந்தப் பக்கற் கெடச்சிருந்தா சந்தோசமா வாங்கியிருப்பாங்க, அஞ்சு நிமிசம் மிச்சம். இலையப் பாத்தா உங்களுக்கு எங்க நெனப்பு வந்துச்சா? ஒங்க வீட்டுப் பேணியிலயும் எங்க படந்தான் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டு கொழுந்து எடுக்கிற படம். அதப் பாத்து யாருக்கு என்ன வெளங்குச்சு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வது சரி. மறைப்பது தூளின் தனிக்குணம் அல்ல. லிப்ரன் காலத்திலிருந்தே, தோட்டத்திலிருந்து நேராக உங்கள் கேத்தலுக்கு என்று விளம்பரம் செய்யப்பட்ட இலையும், தோட்டத்துக்கும் கேத்தலுக்கும் இடையில் நின்ற மனிதரை அழகான படமாக்கி மறைத்தே வந்தது. தூள் அந்தப் படத்தையும் எடுத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை வைத்திருக்கிறது. ஒருவகையில் இது குறைந்த பொய். எனது தூய்மைவாதம், லூ யூவினுடையதைப் போலவே, விடியற்காலையில் பெரட்டுக்குப் போகத் தேவையில்லாதவனின் தூய்மைவாதம்.

ஆனால் அவரது கேள்வியை நான் திருப்பிக் கொடுக்க விரும்பவில்லை. புகலிடத்தில் நாம் வரலாறு எழுதுகிறோம், ஆவணங்கள் சேகரிக்கிறோம், எமது இழப்புகளைப் பட்டியலிடுகிறோம். அந்தப் பட்டியல்களிலும் ஓர் இறங்குவரிசை இருக்கிறது. மலையக மக்கள் அதில் எத்தனையாவது இடத்தில், எத்தனை வீதத்தில் இருக்கிறார்கள்? 1983ஐ எழுதும் நாம் 1977இல் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்களை எத்தனை பக்கங்களில் எழுதியிருக்கிறோம்? பின்னர் போரின் முன்வரிசையில் அவர்களின் பிள்ளைகள் நின்றதை எப்படி எழுதியிருக்கிறோம்? தமிழர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர்களைக் கரைத்துவிட்டு, சக்கை எஞ்சவில்லை என்று நாம் நிறைவடைந்துவிடவில்லையா?

இதற்கு மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதவேண்டும். குறிப்பாக மலையகத்திலிருந்து வந்து புகலிடத்தில் வாழும் நண்பர்கள் எழுதவேண்டும். அடுத்த வாசிப்பு வட்டம் தலவாக்கலை நண்பரின் வீட்டில். என்ன தேநீர் தருவார் என்று கேட்டேன். "பிளேன்டீதான்" என்றார், "ஆனா ஊத்துறது இந்தத் தடவ நீங்க."